ஆற்றோரத்து ஊர்களும் பங்குகளும்: நாட்டரசன்கோட்டை முதல் ஓரியூர் வரை

நம் கல்லூரியில் முதல் நாள் காலடி வைத்தவனிடம் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எந்த ஊருப்பா நீ?" நாட்டரசன்கோட்டை, காளையார்கோவில், கொல்லங்குடி, சருகணி, புளியால் என்று பதில்கள் வரும். அந்த ஊர்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், சிவகங்கைச் சீமையில் இருந்து கிழக்கே கடலைப் பார்த்து நிலம் சரிகிற பாதை தெரியும். அந்தப் பாதையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஆறு என்றால் எந்த ஆறு?

காவிரிக்கரை நண்பர்கள் இதைப் படித்தால் சிரிக்கக்கூடும். "உங்க பக்கம் ஆறு ஏது?" என்பார்கள். இருக்கிறது ஐயா! சருகணி ஆறு, பாம்பாறு, மணிமுத்தாறு, விருசுழி ஆறு என்று பல உண்டு. எல்லாம் மழை ஆறுகள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால் ஓடும். மற்ற மாதங்களில் மணல்தான். தெற்கே வைகைகூட நேராகக் கடலைச் சேராமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழுகிறது.

ஆகவே நம் முன்னோர் ஆற்றை நம்பி உட்காரவில்லை. சரிவு நெடுகக் கண்மாய்களை வெட்டினார்கள். மேல் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால், கீழ்க் கண்மாய்க்கு அதுதான் வரத்து. ஏந்தல், ஊரணி, குளம், வயல் என்று முடியும் நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். தண்ணீர் நின்ற இடத்தில் ஊர் நின்றது. பிறகு அந்த ஊரில் கோயில் வந்தது. சில ஊர்களில் மாதா கோயிலும் வந்தது.

ஓரியூர்

போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரில் 1647-ல் பிறந்தவர் ஜான் டி பிரிட்டோ. நம்மவர்கள் அவரை அருளானந்தர் என்று அழைத்தார்கள். பண்டாரசாமி வேடத்தில், சைவ உணவு உண்டு, தமிழ் பேசி மறவர் சீமையில் நடந்தே போதித்தவர். 1686-ல் ஒருமுறை சிறைப்பட்டுச் சித்திரவதை அனுபவித்தார். ஐரோப்பா சென்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம், திரும்பி வந்தார்.

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். விஷயம் அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4-ம் நாள் பாம்பாற்றங்கரையில் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. நாடு விடுதலை பெற்ற அதே 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

ஓரியூரின் சிவந்த மண் அவர் ரத்தம் பட்டதால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. சாதி, மதம் பார்க்காமல் அந்த மண்ணை எடுத்துப் போகிறார்கள். இந்தப் பக்கம் நாட்டரசன்கோட்டையிலும் ஒரு மண் உண்டு. கவிச்சக்கரவர்த்தி கம்பர் அடங்கிய இடமாகப் போற்றப்படும் சமாதி மண் அது. பிள்ளைக்குக் கல்வி வரட்டும் என்று அதை எடுத்து நாவில் வைப்பார்கள். ஒரே நிலத்தின் இரு முனைகளிலும் மண்ணை எடுத்து நெற்றியிலும் நாவிலும் வைக்கிற மக்கள் நாம்.

சருகணி

18-ம் நூற்றாண்டின் நடுவில் சருகணியை மையமாக வைத்து உழைத்தவர் சேசு சபையைச் சேர்ந்த ஜேம்ஸ் தாமஸ் டி ரோசி அடிகள். மக்கள் வைத்த பெயர் சின்ன சவேரியார். 1774-ல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ரோமாபுரியில் போப்பாண்டவர் சேசு சபையையே கலைத்திருந்தார். 1838-ல் அச்சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பும்வரை, கோவாவிலிருந்து வந்த ஒருசில குருக்களைத் தவிரக் கிராமங்களுக்கு வந்துபோக ஆள் இல்லை. செபம் சொல்லிக் கொடுத்ததும், சாகக் கிடந்தவர் பக்கத்தில் இருந்ததும் உள்ளூர் உபதேசியார்களே. அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சருகணி தேவாலயத்துக்கு மருது சகோதரர்கள் மானியம் அளித்தார்கள். காளையார்கோவில் ராஜகோபுரம் எழுப்பிய அதே கைகள்தான் இதையும் செய்தன. 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்; ஆனால் சருகணித் தேருக்கு எல்லாச் சமயத்தாரும் கூடும் வழக்கம் நிற்கவில்லை. பிரெஞ்சு நாட்டவரான லூயி லெவே அடிகள் 1973-ல் இறந்து அடக்கமானதும் சருகணியில்தான். தெற்கே வைகைக் கரையில் இடைக்காட்டூரில் ஃபெர்டினாண்டு செல் அடிகள் 1894-ல் கட்டிய கோதிக் பாணி ஆலயம் நிற்கிறது. இந்த ஊர்கள் 1987 முதல் சிவகங்கை மறைமாவட்டமாக இயங்கி வருகின்றன.

பங்கு என்ற சொல்

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்கச் சொல்வேன். கத்தோலிக்கர் தங்கள் கோயில் எல்லையைப் 'பங்கு' என்கிறார்கள். அங்குள்ள குருவானவர் பங்குத்தந்தை. நம் விவசாயியும் கண்மாய்த் தண்ணீரில் தனக்குரியதைப் பங்கு என்றுதான் சொல்வார். நகரத்தாரோ குடும்பத்தைப் 'புள்ளி' என்று எண்ணுவார்கள். தைப்பொங்கலுக்குப் பின் வரும் செவ்வாயன்று நாட்டரசன்கோட்டை கண்ணாத்தாள் கோயில் முன் நடக்கும் செவ்வாய்ப் பொங்கலில், முதல் பானை எந்தப் புள்ளிக்கு என்று குடவோலை போலச் சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். நகரக் கோயில்கள் ஒன்பதிலும் கல்யாணத்தைக் கணக்கில் எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு.

ஆனால் உள்ளபடி சொன்னால், தண்ணீர்ப் பங்கு நிலம் உள்ளவனுக்குத்தான். நிலமில்லாதவன் வரத்துக்காலை வெட்டினான், கரையை அடைத்தான், நீர்பாய்ச்சியாக இரவெல்லாம் மடையில் நின்றான். பங்குக் கணக்கில் அவன் பெயர் இல்லை. கல்வெட்டும் செப்பேடும் கொடுத்தவர் பெயரைச் சொல்லும். மண் சுமந்தவர் பெயரைச் சொல்லாது. மாதா கோயிலும் சாதிக்கு விலக்கான இடம் இல்லை. உட்காரும் இடத்திலும் கல்லறையிலும் வேற்றுமை பார்த்த காலம் உண்டு.

ஆனாலும் ஒரு வித்தியாசம். 1563-ல் திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று விதித்தது. ஐரோப்பாவுக்காகப் போட்ட அந்த விதி நம் கருவேலங்காட்டுக்கும் வந்தது. அதனால் பங்கு ஏட்டில் கூலிக்காரன் பிள்ளைக்கும் பெயர் உண்டு. தகப்பன், தாய், ஞானத்தாய் பெயர் உண்டு. ஊர் உண்டு, தேதி உண்டு. தண்ணீரில் பங்கு கிடைக்காதவனுக்கு ஏட்டில் ஒரு வரி கிடைத்தது. நம் சீமையின் சாதாரண சனங்களின் வரலாற்றை எழுத நினைப்பவனுக்கு அந்த ஒரு வரி பெரிய சொத்து.

நாம் செய்யக்கூடியது

ஏடுகளைக் கரையான் தின்கிறது. கண்மாய்களைச் சீமைக் கருவேலம் தின்கிறது. குடிமராமத்து வழக்கம் தளர்ந்ததும், மேல் கண்மாய்க்கும் கீழ்க் கண்மாய்க்கும் நடுவே இருந்த கால்கள் பல தூர்ந்துபோயின. எந்தக் கால் எங்கே ஓடியது என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

அன்புத் தம்பி தங்கைகளே! விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். உங்கள் கண்மாய்க்கு வரத்து எங்கிருந்து வந்தது, மறுகால் எங்கே போனது, மடைகள் எத்தனை, அவற்றின் பெயர் என்ன, கடைசி நீர்பாய்ச்சி யார் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். பங்குத்தந்தையிடமோ கோயில் கணக்கரிடமோ அனுமதி பெற்றுப் பழைய ஏடுகளைப் பாருங்கள். வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் பழைய மாணவர்கள் அந்த ஏடுகளைப் படமெடுத்துப் பாதுகாக்கும் செலவில் ஒரு பங்கு ஏற்கலாமே! பத்து ஊர்க் கதை சேர்ந்தால் அதுவே நம் ஆற்றின் வரலாறு.