வயது பறித்ததும் வடிவம் தந்ததும்

சைக்கிள் பந்தய உலகில் ‘ஒரு மணி நேரச் சாதனை’ என்று ஒன்று உண்டு. வட்டத் தடத்தில் தனியாளாக ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்பதுதான் போட்டி. எதிராளி கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. ஒருவருடைய சராசரி வேகத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் அளவை வேறில்லை. பிரான்ஸைச் சேர்ந்த மார்செல் பெர்த்தே 1913இல் இதில் 43.775 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்தார். இருபது ஆண்டு கழித்து, 1933 நவம்பரில், அதே பெர்த்தே ஒரு மணி நேரத்தில் 49.992 கிலோமீட்டர் ஓட்டினார். மாவீரன் என்று இன்றும் போற்றப்படும் எடி மெர்க்ஸ் 1972இல், தம் உச்ச காலத்தில், காற்றின் அடர்த்தி குறைந்த மெக்சிகோ நகரத்தில் ஓட்டிய தூரம் 49.431 கிலோமீட்டர். அவரைவிட அரைக் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட்டியவர், அவருக்கு நாற்பது ஆண்டு முன்னால் வாழ்ந்த ஒரு நடுவயதுக்காரர். பெர்த்தேயின் கால்கள் இளமைக்குத் திரும்பிவிடவில்லை. ‘வெலோடைன்’ என்ற அவருடைய சைக்கிளைக் காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவில் அமைந்த ஒரு கூடு முழுவதுமாக மூடியிருந்தது.

வயதான ஒருவர் தம் சராசரி வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றால் ‘இன்னும் அதிகமாகப் பயிற்சி செய்யுங்கள்’ என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். பயிற்சி வேண்டும்தான், ஆனால் அது கணக்கில் பாதி. சமதளத்தில் ஓரளவு வேகம் பிடித்துவிட்ட சைக்கிளோட்டி செலவிடும் உழைப்பில் மிகப் பெரும் பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக வளர்கிறது. அதைச் சமாளிக்கத் தேவைப்படும் ஆற்றலோ மும்மடியாக வளர்கிறது. இந்த விதி முதியவருக்கு இரண்டு வகையில் சாதகமானது. டயரின் உராய்வை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தவர் வேகத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத்தான் இழக்கிறார். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனவர் 28க்குச் சற்றுக் கீழே வருவார். காற்றுக்குக் காட்டும் பரப்பையும் அவர் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டால் அந்த 7 விழுக்காடும் திரும்பி வந்துவிடும். வயது கால்களில் எடுத்துக்கொண்டதை உட்காரும் விதத்தில் ஈடுகட்டலாம் என்பது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. இதை மெய்ப்பிக்கும் சான்றுகள் ஏறத்தாழ நூறாண்டுகளாகக் கிடக்கின்றன.

அவற்றில் ஒன்று இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசருடையது. 1984 ஜனவரியில், 32 வயதில், மெக்சிகோ நகரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். பத்தாண்டு கழித்து அதே நகரத்தில், 42 வயதில், 51.840 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டாம் முறை அவர் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரி கண்டுபிடித்த நிலையில், கைகளை மார்புக்கடியில் மடக்கி, உடலைக் குறுக்கிக்கொண்டு ஓட்டினார். 1984 ஓட்டத்துக்கு ரத்தமேற்றல் உதவியதாக மோசரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்போது அதற்குத் தடை இருக்கவில்லை. ஆகவே அவரை மட்டும் நம்பி வாதத்தைக் கட்ட முடியாது. கூடு இல்லாமல், மருந்து இல்லாமல், உட்காரும் நிலையை மட்டும் மாற்றிப் பார்த்த சான்று ஒன்று வேண்டும். அது, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சாய்வு சைக்கிளின் வரலாற்றில், பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள புய்தோவில் கிடைக்கிறது.

ஷார்ல் மோஷே அங்கே சிறிய வண்டிகள் செய்துவந்தார். மகன் ஜார்ஜ் ஓட்டுவதற்காக நான்கு சக்கரப் பெடல் வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். பையன் அதில் பறந்ததைப் பார்த்துப் பெரியவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பிந்திய பிரான்ஸில் மோட்டார் கார் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் பல இருந்தன. அவர்களுக்காக இருவர் அருகருகே அமர்ந்து மிதிக்கும் ‘வெலோகார்’ பிறந்தது. 1930களின் தொடக்கத்தில் அதையே நெடுக்காகப் பாதியாக்கியது போல இரண்டு சக்கர வண்டி ஒன்றை மோஷே அமைத்தார். சக்கரங்கள் சிறியவை, இருக்கைக்கு முதுகுச் சாய்மானம் உண்டு, பெடல் முன்னால் இருக்கும். ஓட்டுபவர் காலை நீட்டிச் சாய்ந்தபடி மிதிக்க வேண்டும். மூடுகூடு எதுவும் கிடையாது. அதை ஓட்டிய பிரான்சிஸ் ஃபோர் இரண்டாம் தர வரிசையில் இருந்த பந்தய வீரர். 1933 ஜூலை 7 அன்று பாரிஸின் வெலோட்ரோம் திவேர் அரங்கில் அவர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். ஆஸ்கர் எக் 1914இல் வைத்த 44.247 கிலோமீட்டர் சாதனை பத்தொன்பது ஆண்டுகளாக யாராலும் தொடப்படாமல் இருந்தது. முதல் தரத்தில் இடம்பெறாத ஒருவர், சாய்ந்து உட்கார்ந்த ஒரே காரணத்தால், அதை 800 மீட்டருக்கு மேல் தாண்டிவிட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 29இல் மோரிஸ் ரிஷார் வழக்கமான சைக்கிளில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். இரண்டில் எதை உலகச் சாதனையாக ஏற்பது? சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கம் 1934 பிப்ரவரியில் கூடி விவாதித்தது. ஏப்ரல் முதல் புதிய விதி நடப்புக்கு வந்தது. பெடல் அச்சு தரையிலிருந்து 24 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். இருக்கையின் முனை பெடல் அச்சுக்கு 12 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போகக் கூடாது. பெடல் அச்சுக்கும் முன்சக்கர அச்சுக்கும் இடையே 58 முதல் 75 சென்டிமீட்டர் இருக்கலாம். இந்த மூன்று அளவுகளில் சாய்வு சைக்கிள் பந்தயத்திலிருந்து வெளியே போனது. ரிஷாரின் தூரம் ஏற்கப்பட்டது, ஃபோரின் தூரம் தனி வகையாக ஒதுக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே ஷார்ல் மோஷே இறந்துபோனார். 1939 மார்ச்சில் ஃபோர், மூடுகூடு பொருத்திய வெலோகாரில் 50.537 கிலோமீட்டர் ஓட்டி, ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டரைக் கடந்தார். பந்தய உலகம் அதைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை.

விளையாட்டுக்கு விதி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆளை ஆளோடு ஒப்பிட வேண்டுமானால் கருவி ஒரே வகையாக இருக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நான் மறுப்பது வேறொன்றை. தடத்துக்காக எழுதிய விதி தெருவையும் கடையையும் ஆண்டது. பந்தய வீரர்கள் ஓட்டுவதைத்தான் உற்பத்தியாளர் செய்வார், மக்களும் வாங்குவார்கள். இதற்கு நேரடியான ஓர் ஒப்பீடு கியரின் கதையில் இருக்கிறது. செந்தெத்தியேனைச் சேர்ந்த பால் தெ விவீ, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில், பல கியர்கள் கொண்ட சைக்கிளுக்காக ஆண்டுக்கணக்கில் எழுதினார். டூர் தெ பிரான்ஸைப் பின்னர் தோற்றுவித்த ஆன்ரி தெக்ராஞ்ச், கியர் என்பது நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு உரியது என்று 1902இல் எழுதினார். டூர் பந்தயத்தில் செயின் மாற்றும் கியருக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு அது செம்மையாகி உலகமெங்கும் பரவியதையும், இன்று இருபது வயது வீரரும் கியர் இல்லாமல் மலையேறுவதில்லை என்பதையும் யாவரும் அறிவார்கள். கிழவர்களுக்கானது என்று தள்ளப்பட்ட ஒரு பொருள் உள்ளே விடப்பட்டதும் எல்லாருக்கும் உரியதானது. சாய்வு இருக்கைக்கு அந்த வாய்ப்பு தரப்படவே இல்லை.

தடை இல்லாவிட்டாலும் சாய்வு சைக்கிள் பரவியிருக்காது என்று சொல்பவர்களும் உண்டு. நீளமான செயின், கூடுதல் விலை, சமநிலை பழக ஆகும் நாட்கள், நெரிசலில் லாரி ஓட்டுநர் கண்ணுக்கு எட்டாத தாழ்வு என்று அவர்கள் காட்டும் குறைகள் எல்லாம் உண்மையே. ஆனால் குறைகளைக் களையும் வேலையே நாற்பது ஆண்டுகள் நின்றுபோயிருந்தது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கலிபோர்னியாவில் பேராசிரியர் செஸ்டர் கைல் காற்றெதிர்ப்பை அளந்து பார்த்து, ஜாக் லாம்பியுடன் சேர்ந்து 1975இல் இர்விண்டேலில் எந்த வடிவத்துக்கும் தடையில்லாத பந்தயம் ஒன்றை நடத்தினார். மறு ஆண்டே மனித ஆற்றல் வண்டிகளுக்கான சர்வதேச அமைப்பு உருவானது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டேவிட் கார்டன் வில்சன் ‘அவதார் 2000’ என்ற சாய்வு சைக்கிளின் வளர்ச்சிக்குத் துணையாக இருந்தார். 1986இல் ஃப்ரெட் மார்க்கம், கார்டனர் மார்ட்டின் வடிவமைத்த ‘கோல்டு ரஷ்’ வண்டியில் மணிக்கு 105 கிலோமீட்டரைத் தொட்டார். தடையில்லாத பந்தயம் தொடங்கிய பதினோரே ஆண்டில் வந்த வளர்ச்சி இது.

எல்லா மறுப்புகளிலும் வலுவானது மலை பற்றியது. சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்து நின்று உடல் எடையைப் பெடலில் போட முடியாது. வண்டியும் பொதுவாகக் கனம் கூடியது. ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றைத் தவிர்த்த லாபமும் அங்கே பயன்படாது. சராசரி வேகம் வேறு மெதுவாகப் போன நேரத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கும். பத்து கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 10 கிலோமீட்டரிலும், பத்து கிலோமீட்டர் இறக்கத்தை 40லும் கடந்தால் சராசரி 16தான். இறக்கத்தில் 50 என்று பறந்தாலும் அது 16.7க்கு மேல் போகாது. ஏற்றத்தில் 12 ஆக்கினாலோ 18.5ஐ நெருங்கும். ஆகவே மலைநாட்டுக்காரர் இந்த வண்டியிடம் வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாறுவார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சமவெளியிலும் மெல்லிய ஏற்ற இறக்கம் உள்ள சாலையிலும்தான் அதன் வலிமை தெரியும். ஏற்றம் வரும்போது பெரிய கியரை வைத்துக்கொண்டு முதுகுச் சாய்மானத்தில் முட்டுக் கொடுத்து அழுத்தினால் முழங்கால்தான் விலை கொடுக்கும். அங்கே கைகொடுப்பது வெலோசியோவின் சிறிய கியரும் வேகமாகச் சுழலும் கால்களும்தான்.

முதிய வயதில் கால்கள் அப்படிச் சுழலப் பழகுமா? ராபர் மார்ஷான் 1911இல் பிறந்தவர். 2012இல் நூறு வயதில், வழக்கமான சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 24.250 கிலோமீட்டர் ஓட்டினார். 2014இல் 102 வயதில் 26.927 கிலோமீட்டர். இடையில் உடலியல் அறிஞர் வெரோனிக் பிய்யா அவருக்குப் பயிற்சி வகுத்து அளந்துவந்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டரில் ஐந்தில் நான்கு பங்கு இலகுவாகவும் ஒரு பங்கு கடுமையாகவும் ஓட்டினார். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நிமிடத்தில் அவர் உட்கொள்ளும் உச்ச ஆக்சிஜன் 31 மில்லிலிட்டரிலிருந்து 35 ஆனது. உச்ச ஆற்றல் 90 வாட்டிலிருந்து 125 ஆனது. பெடல் சுழற்சி நிமிடத்துக்கு 69இலிருந்து 90 ஆனது. ஒரே மனிதரை வைத்து எல்லா முதியவர்களுக்கும் விதி எழுத முடியாது. ஆனாலும் நூறைத் தாண்டிய உடலும் பயிற்சிக்குப் பதில் சொல்லும் என்பதை மறுக்க இனி இடமில்லை. பயிற்சியைப் பாதிக் கணக்கு என்று முன்னால் சொன்னதன் பொருள் அது வீண் என்பதாகாது. மார்ஷான் இரண்டாண்டு உழைத்து ஒரு மணி நேரத்தில் கூட்டியது 2.7 கிலோமீட்டர். பெர்த்தே இருபது ஆண்டு மூத்துப்போன உடலோடு கூட்டியது 6.2 கிலோமீட்டர். கழுத்தும் மணிக்கட்டும் வலித்து, குனிந்து ஓட்ட முடியாமல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்ட அறுபது வயதுக்காரருக்கு இந்த இரண்டு வழிகளையும் ஒன்றாகத் தருவது சாய்வு சைக்கிள். அது வலியில்லாமல் நாள்தோறும் ஓட்ட விடுகிறது, அதனால் பயிற்சி விட்டுப்போவதில்லை. காற்றுக்குக் குறைந்த பரப்பைக் காட்டுவதால் அந்தப் பயிற்சி தரும் ஒவ்வொரு வாட்டும் சாலையில் கூடுதல் தூரமாகிறது.