ஒரு கேபிள், ஆறு ஸ்பீக்கர்: கம்ப்யூட்டர் கேமின் சத்தம் ரிசீவருக்குப் போன கதை

டிவிடியில் படம் போட்டால் ரிசீவரில் 'டால்பி டிஜிட்டல்' என்று விளக்கு எரியும், ஆறு ஸ்பீக்கரும் பேசும். அதே கம்ப்யூட்டர், அதே ஆப்டிகல் கேபிள். ஆனால் கேம் போட்டால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் மட்டும்தான் கத்தும். பின்னாலிருந்து சுடும் எதிரியும் முன்னாலிருந்தே சுடுவான்! 2000-ஐ ஒட்டிய வருடங்களில் ஹோம் தியேட்டர் வைத்திருந்த கேம் பிரியர்கள் பலர் தலையைப் பிய்த்துக்கொண்டது இதற்காகத்தான்.

கார்டிலும் கோளாறு இல்லை, கேபிளிலும் கோளாறு இல்லை. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து சிடி காலத்தில் உருவாக்கிய டிஜிட்டல் இணைப்பு அது. சுருக்காத ஒலி என்றால் ஸ்டீரியோ மட்டுமே அதில் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனலுக்கு விநாடிக்குச் சுமார் 1.5 மெகாபிட். ஆறு சேனல் என்றால் 4.6 மெகாபிட். படத்தின் ஒலியை ஸ்டூடியோவிலேயே 448 கிலோபிட் வரை சுருக்கி டிவிடியில் வைத்துவிடுகிறார்கள், அதனால் அது சுலபமாகப் போய்விடுகிறது. கேமில் அப்படி முடியுமா? ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்! ஒலி அந்த நொடியில்தான் பிறக்கிறது, சுருக்குவதையும் அந்த நொடியிலேயே செய்தாக வேண்டும்.

(சவுண்டு கார்டிலிருந்து மூன்று அனலாக் வயர்களை இழுத்து ரிசீவரின் பின்புறம் செருகுவது இன்னொரு வழி. வேலை செய்யும். ஹால் முழுக்க வயர் ஓடும், அவ்வளவுதான்.)

இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தது சவுண்டு கார்டு கம்பெனி அல்ல, கிராபிக்ஸ் கம்பெனியான என்விடியா! 2001 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸின் ஒலிச் சிப்பைச் செய்தது அவர்கள்தான். ஆறு சேனலையும் உடனுக்குடன் டால்பி டிஜிட்டலாக மாற்றும் வேலையைச் சிப்பே பார்த்துக்கொண்டது. அதே நுட்பத்தை அதே வருடம் என்ஃபோர்ஸ் மதர்போர்டு சிப்செட்டிலும் வைத்தார்கள். 2002-ல் வந்த என்ஃபோர்ஸ்2-வோடு 'சவுண்ட்ஸ்டார்ம்' என்ற பெயர் பிரபலமானது. தனி கார்டு வேண்டாம், பிராசசருக்கும் சுமை இல்லை. ஒரே ஒரு ஆப்டிகல் கேபிள் போதும்.

ஒரு குறை உண்டு. டால்பி டிஜிட்டல் 1536 சாம்பிள்களை ஒரு கட்டாகக் கட்டித்தான் அனுப்பும். அந்தக் கட்டு நிறையவே 32 மில்லிவிநாடி ஆகும். படத்துக்கு அது ஒன்றுமில்லை. துப்பாக்கி கேமில் காது கூர்மையானவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவ்வளவு நல்ல சரக்கு என்ன ஆனது? அடுத்து வந்த என்ஃபோர்ஸ்3-ல் இல்லை! பொதுவாகச் சொல்லப்படும் காரணம் செலவு. மதர்போர்டு வியாபாரத்தில் லாபம் மெலிது. மலிவான ஒலிச் சிப்பை வைத்தாலும் போர்டு விற்கும்போது, ரிசீவர் வைத்திருக்கும் கொஞ்சம் பேருக்காக யார் கூடுதலாகச் செலவழிப்பார்கள்? வியாபாரக் கணக்கில் தப்பில்லை. வாங்கியவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

அதன்பிறகு 'டால்பி டிஜிட்டல் லைவ்', 'டிடிஎஸ் கனெக்ட்' என்ற பெயர்களில் அதே வேலை மென்பொருளாகத் திரும்பி வந்தது. கிரியேட்டிவ் நிறுவனம் 2008-ல் தன் எக்ஸ்-ஃபை கார்டுகளுக்கு அதைத் தனியாகக் காசுக்கு விற்றது. கார்டு வாங்கியவரே மறுபடி காசு கட்ட வேண்டும் :) இதற்கிடையில் 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா, கேம்கள் சவுண்டு கார்டின் வன்பொருளை நேரடியாகப் பயன்படுத்திய டைரக்ட்சவுண்ட் பாதையை அடைத்துவிட்டது. பழைய கேம்கள் பலவற்றில் சரவுண்டே போனது.

கடைசியில் கை கொடுத்தது எச்டிஎம்ஐ. எட்டு சேனலைச் சுருக்காமலே கொண்டுபோகும் வசதி 2002-லேயே அதன் முதல் பதிப்பில் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தும் கிராபிக்ஸ் கார்டு வர வேண்டுமே! 2008-ல் ஏடிஐ ரேடியான் எச்டி 4000 வரிசை வந்தபோது படமும் 7.1 ஒலியும் ஒரே கேபிளில் ரிசீவருக்குப் போயின. சுருக்கும் வேலையும் இல்லை, அந்த 32 மில்லிவிநாடியும் இல்லை. விண்டோஸ் மட்டும் ரிசீவரை இன்னொரு மானிட்டர் என்று நினைத்துக்கொள்ளும். அந்த இல்லாத திரைக்குள் மவுஸ் அவ்வப்போது காணாமல் போகும்.