ஒல்லாந்தர் விட்டுப் போன கற்கள்

கட்டுமாவடி மீன் மார்க்கெட்டைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர்கள், சேதுபாவாசத்திரத்தை ஒட்டி மனோராவைப் பார்க்காமல் போக முடியாது. எட்டு அடுக்கு, அறுகோண வடிவம், கடலைப் பார்த்த கோபுரம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. 1814-இல் நெப்போலியன் வீழ்ந்ததையும் ஆங்கிலேயர் வென்றதையும் நினைவுகூர எழுப்பப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

ஐரோப்பாவில் ஒருவர் தோற்றதற்குத் தஞ்சைக் கடற்கரையில் எதற்கு ஒரு கோபுரம்? அங்கே வருகிற பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் இந்தக் கேள்விக்குச் சரபோஜியின் ஆங்கில நட்பு மட்டும் பதில் ஆகாது. ஐரோப்பியப் போர்களில் யார் ஜெயித்தார்கள் என்பதை வைத்துத்தான் நம் கடற்கரைத் துறைமுகங்கள் கை மாறின. அப்படிக் கை மாறிக் கை மாறிக் கடைசியில் இங்கிருந்து காணாமலே போனவர்கள் டச்சுக்காரர்கள். யாழ்ப்பாணத்தார் சொல்கிறபடி, ஒல்லாந்தர்.

கட்டுமாவடிக்குத் தென்கிழக்கே, பாக் நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் யாழ்ப்பாணக் கோட்டையைப் போன வாரம் பார்த்தோம். 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்த கோட்டை அது. அதே ஆண்டு நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் அவர்கள் வசமாயின. அதன்பின் இந்த நீரிணையில் சரக்குத் தோணி ஓட்டுகிற மரக்காயர்கூட டச்சுக் கம்பெனியின் அனுமதிச் சீட்டை வாங்கித்தான் பாய் விரிக்க வேண்டியிருந்தது.

1795-இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. அந்நாட்டின் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பி ஓடினார். அங்கிருந்தபடியே, கடல் கடந்த டச்சுக் கோட்டைகளை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் விடும்படி ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பரில் யாழ்ப்பாணக் கோட்டை சண்டையில்லாமல் கை மாறியது. பழவேற்காடும் அந்த ஆண்டே போயிற்று. நெப்போலியன் வீழ்ந்த பிறகு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1818-இல் சோழமண்டலக் கரையின் சில ஊர்கள் டச்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. ஆனால் 1824 ஒப்பந்தத்தில் அவர்களே அவற்றை விட்டுக்கொடுத்தார்கள். மறு ஆண்டோடு இந்தியாவில் அவர்கள் கணக்கு முடிந்தது.

இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள் என்ன விட்டுப் போனார்கள்? மனோராவைப் போல உயர்ந்து நிற்கும் எதையும் விடவில்லை. அவர்கள் விட்டுப் போனவற்றில் முழுசாக மிஞ்சியவை கல்லறைகள்.

அவற்றைப் பார்க்கப் பழவேற்காட்டுக்குத்தான் போக வேண்டும். சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் போகலாம். 1610 வாக்கில் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு டச்சுக்காரர்கள் அங்கே பண்டகசாலை வைத்தார்கள். 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அதை அடித்து நொறுக்கினார்கள். 1613-இல் கோட்டை எழும்பியது. தலைவராக இருந்த வெம்மர் வான் பெர்கம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைத்துக் கெல்டிரியா என்று அதற்குப் பெயர் வைத்தார். அங்கே வராகன் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நெசவாளர்களின் துணியை வாங்கி ஜாவாவுக்கும் மலுக்குத் தீவுகளுக்கும் கொண்டுபோய், அதைக் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். அந்தத் தீவுகளில் வெள்ளிக் காசைவிட நம் ஊர்ச் சாயத்துணிக்குத்தான் மதிப்பு. டச்சுக் கம்பெனியின் கீழைக்கடல் வியாபாரமே நம் தறிகளை நம்பி நடந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

கெல்டிரியா இன்று முள் மண்டிய ஒரு மேடு. சுற்றி அகழியின் தடம். கோட்டையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்றால் போதும், போன அலைச்சல் மறந்துவிடும். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே வருகிறவனுக்கு மரணத்தை நினைவூட்டுவது அக்கால ஐரோப்பிய வழக்கம்.

உள்ளே கிடக்கிற பலகைக்கற்களைக் குனிந்து பாருங்கள். எழுத்துகள் கல்லில் குழித்தவை அல்ல. சுற்றியுள்ள கல்லையெல்லாம் செதுக்கி எடுத்துவிட்டு, எழுத்தை மட்டும் புடைப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். விரலை ஓட்டினால் ஒவ்வொரு எழுத்தும் தடுக்கும். மேலே குடும்பச் சின்னம், தலைக்கவசம். ஓரம் முழுக்கப் பூவும் இலையும் சுருண்டோடும் கொடி. நம் கோயில் தூண்களில் கொடிக்கருக்கு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வளைவு அந்நியமாகத் தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. சோழமண்டலக் கரையின் கல்தச்சர்கள் டச்சுக்காரர்களுக்குக் கல்லறைப் பலகை செதுக்கிக் கொடுப்பதில் பேர் பெற்றவர்கள். நல்ல கல் கிடைக்காத பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, இங்கிருந்து பலகைகள் கப்பலேறின. ஜகார்த்தாவின் கல்லறை அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். தாங்கள் படித்தறியாத மொழியின் எழுத்துகளை, ஒரு சுழி தவறாமல் கருங்கல்லில் எடுத்துக் காட்டிய கைகள் அவை. இறந்துபோன வியாபாரியின் பேரும் பதவியும் வயதும் கல்லில் இருக்கின்றன. செதுக்கியவன் பெயர் எங்கும் இல்லை. என் பார்வையில், பழவேற்காட்டில் பார்க்க வேண்டியது அந்தப் பெயரில்லாத உளியின் வேலையைத்தான்.

சதுரங்கப்பட்டினம் கல்பாக்கத்தை ஒட்டியது. அங்கே கோட்டை மதில், பண்டகசாலை, கல்லறைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதால், டச்சுக் கம்பெனி எப்படி இயங்கியது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தோதான இடம். மாமல்லபுரம் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே வந்தால் போதும்; பெரும்பாலோர் வருவதில்லை.

நமக்கு அதிகம் வேண்டியது நாகப்பட்டினம். 1690-இல் டச்சுக்காரர்கள் தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கேதான் மாற்றினார்கள். பெரிய கோட்டை கட்டினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்த பிறகு நாகை அவர்களுக்குத் திரும்பவே இல்லை. கோட்டையும் இல்லாமல் போயிற்று. நாகைச் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் டச்சுக்காரர் கையில் சிக்கி லெய்டன் நகரத்துக்குப் போன கதை தனியாக ஒரு வாரம் எழுத வேண்டியது.

இந்த வாரம் சொல்லியாக வேண்டிய வேறொன்று உண்டு. 1659-இல் பீஜப்பூர்ப் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்து சூறையாடியது. அப்போது விஜயராகவ நாயக்கர் ஆட்சி. வயல் பாழாகிப் பஞ்சம் வந்தது. சோற்றுக்கு வழியில்லாமல் மக்கள் தங்களையும் பெற்ற பிள்ளைகளையும் விற்றார்கள். வாங்கியவர்களில் டச்சுக் கம்பெனி முதன்மையானது. 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைமுகங்களில் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை அடிமைகளாக வாங்கப்பட்டார்கள் என்று கம்பெனி ஆவணங்களைப் படித்த ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். வெள்ளாமை போட்ட காவிரிக் கரைச் சனங்கள், அக்கரையில் இன்னொருவனுடைய உடைமையாக இறங்கினார்கள்.

நெதர்லாந்து தன் பழைய கணக்கைத் திரும்பப் பார்க்கத் தொடங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹோர்ன் என்ற பழைய துறைமுக நகரத்தின் நடுச் சதுக்கத்தில் யான் பீட்டர்சோன் கூன் என்பவரின் சிலை 1893 முதல் நிற்கிறது. பத்தாவியாவை நிறுவியவர், 1621-இல் ஜாதிக்காய்க்காகப் பண்டா தீவு மக்களைக் கொன்று குவித்த படையெடுப்புக்குத் தலைமை தாங்கியவர். அந்தச் சிலையை எடுக்க வேண்டும் என்று ஊர்க்காரர்களே கேட்டார்கள். சிலை போகவில்லை. ஆனால் 2012-இல் அவருடைய கொடுமைகளையும் சொல்கிற புதிய பலகை வைக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாமின் ஊஸ்டர் பூங்காவில் அடிமைகளுக்கான தேசிய நினைவுச் சின்னம் 2002-இல் எழுந்தது. 2023 ஜூலை 1 அன்று அந்தப் பூங்காவில்தான் மன்னர் வில்லெம் அலெக்சாந்தர் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார்.

வாங்கியவர்களின் நாட்டில் சிலைக்குப் பக்கத்தில் குற்றப்பலகை இருக்கிறது, நினைவுச் சின்னம் இருக்கிறது, மன்னிப்பும் வந்துவிட்டது. விற்கப்பட்டவர்கள் கப்பலேறிய நாகைக் கடற்கரையில், அப்படி ஒன்று நடந்தது என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை. இது டச்சுக்காரர் குறை இல்லை, நம் குறை. நெப்போலியன் தோற்றதற்கு எட்டு அடுக்கில் நினைவு வைத்த கடற்கரை இது.

நாகை நகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ தமிழக அரசோ, யாராவது முன்வந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் நாட்ட வேண்டும். கோபுரம் வேண்டாம், ஆளுயரக் கல் போதும். அதில் பொறிக்கப் பெயர்கள் நம்மிடம் இல்லை. ஆண்டுகள் இருக்கின்றன, எண்ணிக்கை இருக்கிறது, ஊர் இருக்கிறது. பலகைக்கல்லில் புடைப்பெழுத்து எடுத்த கைகளின் வழியில் வந்த சிற்பிகள் மாமல்லபுரத்தில் இன்றும் உளி பிடிக்கிறார்கள். நாகை வாசகர்கள் இதைத் தங்கள் நகர்மன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய்க் காட்டிக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(தொடரும்)