உறையின் மேல் ஓர் எழுத்து

சென்ற வாரம் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், தனக்குப் பிடித்த வீடியோ விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். அதன் உறையில் ‘எம்’ என்னும் எழுத்து உண்டு. 17 வயது நிரம்பியோர்க்கு உரியது என்பது பொருள். “யார் வாங்கித் தந்தார்?” என்றேன். “அப்பாதான், சார்” என்றான்.

அவ்வெழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1992-இல் அமெரிக்காவின் மிட்வே நிறுவனம் ‘மோர்ட்டல் கோம்பாட்’ விளையாட்டை வெளியிட்டது. தோற்றவனின் தலையை முதுகெலும்போடு பிடுங்கும் காட்சி அதில் உண்டு. 1993 செப்டம்பரில் அது வீடுகளுக்குள் வந்தது. நிண்டெண்டோ குருதியை நீக்கி விற்றது. செகாவோ, இரகசியக் குறியீட்டை அழுத்தினால் குருதி தோன்றும்படி விட்டது. செகாவின் பதிப்பே மிகுதியாக விற்றது.

அவ்வாண்டு டிசம்பரில் செனட்டர்கள் ஜோசப் லீபர்மேன், ஹெர்ப் கோல் இருவரும் விசாரணை நடத்தினர். அரசு தலையிடும் என்று அஞ்சிய தொழில்துறை, 1994-இல் தானே ஒரு தரமதிப்பீட்டு வாரியத்தை அமைத்தது. வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விற்பதைத் தடுத்த கலிபோர்னியச் சட்டத்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே அங்கு அவ்வெழுத்து அறிவிப்பே, பூட்டு அன்று.

நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 2008 முதல் வயது வகைப்பாடு நடைமுறையில் உள்ளது. ‘எம்18’ விளையாட்டைச் சிறுவனுக்குக் கடைக்காரர் விற்கலாகாது. ஆனால், வாங்குபவர் தந்தையாக இருப்பின்?

அன்று மாலை வீடு திரும்பியதும் என் மகனின் அலமாரியைப் பார்த்தேன். ஓர் உறையில் அதே எழுத்து. பணம் கொடுத்தவன் நானேதான். மாணவனின் தந்தையிடம் பேசுமுன், என் மகனிடம் பேசினேன்.

பெற்றோரே, வாங்குமுன் உறையைப் படிப்போம்.