முட்டை ஓடு, சாம்பல் போட்டும் மாடித் தக்காளி காய்க்கலையா? தண்ணீரும் காரணமா இருக்கலாம்!

தக்காளி விலை ஏறும்போதெல்லாம் மாடியில் நாலு தொட்டி வைக்கலாம் என்ற யோசனை எல்லா வீட்டிலும் வரும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது நினைவிருக்கலாம். ஆனால் ஆசையாக வைத்த செடி மஞ்சளாகி நிற்கும்போது பலரும் செய்வது, இன்னும் கொஞ்சம் உரம் போடுவதுதான். பிரச்னை உரத்தில் இல்லாமல், மண்ணின் கார அமிலத் தன்மையில் இருந்தால்?

பி.எச். என்றால் என்ன?

மண் அமிலமா, காரமா என்பதை 0 முதல் 14 வரை சொல்லும் அளவுதான் பி.எச். இதில் 7 நடுநிலை. ஒரு எண் கூடினால் காரத்தன்மை 10 மடங்கு கூடுகிறது. தக்காளிக்கு ஏற்றது 6.0 முதல் 6.8 வரை. 7.5-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீஸ், மணிச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சாப்பாடு இருக்கும், ஆனால் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும்.

வேங்கிக்கால் மாடிகளில் எதைக் கவனிக்கணும்?

கலெக்டர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் உட்பட திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறைப் பகுதி. போர் தண்ணீர் குழாயிலும் பக்கெட்டிலும் வெள்ளைப் படிவம் விடுகிறதா? அப்படியானால் அது உப்புத் தண்ணீர். அதில் உள்ள பைகார்பனேட் உப்புகள், தினமும் ஊற்ற ஊற்ற தொட்டி மண்ணின் பி.எச்.-ஐ மெல்ல ஏற்றும். தோட்டத்து மண்ணைவிட 15 லிட்டர் தொட்டியில் இது சீக்கிரமே தெரிந்துவிடும்.

அதன் மேல் அடுப்புச் சாம்பலும், முட்டை ஓடும் போட்டால்? இரண்டுமே காரம். சாம்பல் வேகமாகவும், முட்டை ஓடு மெதுவாகவும் பி.எச்.-ஐ இன்னும் கூட்டும். அமில மண்ணுக்கு மருந்தாகும் பொருள், கார மண்ணுக்குக் கேடு.

வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் (பேட்டரிக்கு ஊற்றுவது) கலந்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, பி.எச். தாளை நனைத்து நிறத்தை ஒப்பிடுங்கள். ஊற்றும் தண்ணீரையும் இதே தாளில் பாருங்கள். துல்லியமான முடிவு வேண்டுமென்றால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம்.

பி.எச். கூடுதலா இருந்தா?

15 லிட்டர் தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் (சுமார் 5 கிராம்) கந்தகத் தூளை மேல் மண்ணில் கிளறிவிடுங்கள். நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க 6 முதல் 8 வாரம் ஆகும். மறுபடி அளந்து பார்க்காமல் திரும்பப் போடக்கூடாது. முடிந்தவரை மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள், உப்பு குறையும். நட்ட பிறகு சரி செய்வதைவிட, நடும் முன்பே கந்தகம் கலந்து வைப்பது நல்லது.

பி.எச். 5.5-க்குக் கீழே போயிருந்தா?

அப்போதுதான் சுண்ணாம்பு வேலை செய்யும். ஒரு டேபிள்ஸ்பூன் டோலமைட் தூள் போதும். கால்சியம், மெக்னீசியம் இரண்டும் சேர்ந்து கிடைக்கும்.

செடி சொல்லும் அறிகுறிகள்

* இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை: இரும்புச் சத்து கிடைக்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேட், சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம். இது தற்காலிக உதவிதான்.
* கீழ் இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள்: மெக்னீசியம் குறைவு. ஒரு லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு தெளிக்கலாம்.
* செடி புதராக வளர்ந்தும் பூ இல்லை: தழைச்சத்து அதிகம். யூரியா, புதுச் சாணம் நிறுத்துங்கள்.
* காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுது: கால்சியம் காய்க்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் காரணம், ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளம் போல் ஊற்றுவது. வெயில் காலத்தில் காலை, மாலை அளவாக ஊற்றி, மண்ணை இலைச் சருகால் மூடுங்கள். கால்சியம் குறைவு என்றாலும் பி.எச்.-ஐ ஏற்றாத ஜிப்சம் நல்லது.

வழக்கமான உரம் எவ்வளவு?

15 நாளுக்கு ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், ஒரு லிட்டர் தண்ணீரில் 30 மி.லி. பஞ்சகவ்யா தெளிப்பு போதும். பூ வந்த பிறகு சாம்பல் சத்து அதிகம் தேவை. அதற்கு அடுப்புச் சாம்பலைவிட பொட்டாசியம் சல்பேட் பாதுகாப்பானது. தென்னைநார்க் கழிவில் நடுபவர்கள், உப்பு போக அதை நன்றாக அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

அடுத்த தடவை இலை மஞ்சளானால் உரப் பையைத் தேடுவதற்கு முன், பி.எச். தாளைத் தேடுங்கள். முதலில் அளவு, பிறகு மருந்து.