ஓசி

ராசிபுரத்தில் நெய் வாங்கப் போனால் புறங்கையில் ஒரு சொட்டு விடுவார்கள். தேய்த்து முகர்ந்து பார்க்க வேண்டும். எங்கள் தெருக்காரர் ஒருவர் நாலு கடை ஏறி, நாலு சொட்டையும் நக்கிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புவார். அவருக்கு ‘ஓசி நெய்’ என்றே பேர்.

முப்பது வருசம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவன் நான். இந்தச் சொல் எங்கள் இலாகாவில் பிறந்த பிள்ளை என்று எனக்கொரு பெருமை. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாகப் போகும் கடிதங்களுக்குக் கட்டணம் கிடையாது. உறைமேல் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்று எழுதினால் போதும். அதுதான் ஓ.சி. ஆகி ஓசியானது என்று எனக்கு மூத்தவர்கள் சொன்னார்கள். இதைவிடப் பொருத்தமான கதை எனக்குக் கிடைக்கவில்லை. 1792இல் திப்புவிடமிருந்து சேலம் சீமை கம்பெனி கைக்குப் போனது. இந்தப் பக்கம் பை தூக்கி ஓடியவர்களும் அந்த உறைகளைச் சுமந்திருப்பார்கள்.

அன்றைக்கு ஓசி என்றால் அதிகாரம். துரை கடுதாசி சும்மா போகும். குடியானவன் காசு கட்டுவான். 1854இல் அரையணா ஸ்டாம்ப் வந்த பிறகுதான், கால் தோலா எடைக்குள் இருந்தால் எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம் என்று ஆனது. 1866இல் சர்க்கார் கடிதத்துக்கும் ‘சர்வீஸ்’ என்று அச்சடித்த ஸ்டாம்ப் வந்துவிட்டது. தாலுகா ஆபீஸ் உறைகளில் அந்த ஸ்டாம்ப் மேல் நானே எத்தனையோ குத்தியிருக்கிறேன். துரைமார் ஓசி போய்விட்டது. சொல் மட்டும் தெருவில் இறங்கி ஓசி பீடி, ஓசி பேப்பர், ஓசிச் சோறு என்று இளைத்தவன் தலையில் ஏறிக்கொண்டது. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று சொல்வது யாரை? துரையை இல்லையே.

2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றார்கள். அந்தப் பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. பழைய சர்வீஸ் ஸ்டாம்ப் கணக்கேதான். ஆனாலும் 2022 செப்டம்பரில் ஓர் அமைச்சர் மேடையில் ‘ஓசி’ என்று சொல்லப்போக, ஊரெல்லாம் அதே பேச்சு. கோவைப் பக்கம் ஒரு பாட்டி, ஓசியில் வரமாட்டேன், காசை வாங்கிக்கோ என்று கண்டக்டரிடம் மல்லுக்கு நின்றார்.

என் வீட்டுக்காரி நாமகிரிப்பேட்டையில் தங்கை வீட்டுக்குப் போய்வந்தால், அந்தக் கட்டணமில்லாச் சீட்டை எறியமாட்டாள். நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்திருப்பாள். எதற்கு இது என்றேன்.

“ஏனுங்க, நாளைக்கு எவனாச்சும் கேட்டா, டிக்கெட் வாங்கித்தான் வந்தேன்னு காட்டோணுமில்ல?”