கண்டி நாட்டில் இராட்டையும் ஆலையும்

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் அதன் அரசியலையும் சமயத்தையும் நோக்கிய அளவுக்கு, அம்மக்கள் உடுத்த துணியின் வரலாற்றை நோக்கினாரல்லர். மலைநாட்டிற் கைத்தறி ஓரளவேனும் எஞ்சி நிற்க, கைந்நூற்பு மறைந்தது ஏன் என்னும் வினாவை நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

கண்டியர் சேனை நிலங்களிற் பருத்தி பயிரிட்டனர். இரு மர உருளைகளுக்கிடையே பஞ்சைச் செலுத்தி விதை நீக்கினர். வில்லால் அடித்துப் பதப்படுத்தி, நூற்று நெய்தனர். உடதும்பறையிலுள்ள தலகுனேச் சிற்றூரில் இத்தொழில் அருகி நின்றதை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியான தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலிற் பதிவுசெய்தார்.

அழிவின் வித்து இங்கிலாந்தில் இடப்பட்டது. ஒரு தறிக்கு வேண்டிய நூலை ஊட்டப் பலர் நூற்க வேண்டியிருந்தது. 1733இல் ஜோன் கே அமைத்த பறக்கும் நாடா நெசவை விரைவாக்க, நூற் பற்றாக்குறை மேலும் மிகுந்தது. ஆதலின் பொறி முதலில் நூற்பையே பற்றியது. ஹார்கிரீவ்சின் ஜெனி பல கதிர்களை ஒருங்கே சுழற்றியது. ஆர்க்ரைட் 1769இல் உரிமம் பெற்ற பொறி பாவுக்கேற்ற உறுதியான நூலைத் தந்தது. 1771இல் குரோம்போர்டில் அவர் தொடங்கிய ஆலை நீர்விசையால் இயங்கியது. 1779இல் குரொம்ரனின் மியூல் நுண்ணூலையும் எளிதாக்கிற்று. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபோது ஆலைநூற்பு அங்கு வேரூன்றிவிட்டது. 1867இற் கண்டியை எட்டிய புகையிரதம் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கியது. ஆலைத்துணியை மலைக்கு ஏற்றியது.

கண்டியில் நூலாலை எழாமைக்கு நீர்விசையின்மையோ பொறியறிவின்மையோ காரணமன்று. 1854இல் ஜோன் வோக்கர் கண்டியில் தொடங்கிய நிறுவனம் கோப்பித் தோல் நீக்கும் பொறிகளை ஆக்கியது. தோட்டங்களில் நீர்ச்சில்லுகள் சுழன்றன. ஆயின் முதலும், தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் உழைப்பும் ஏற்றுமதிப் பயிருக்கே திருப்பப்பட்டன. பின்னர் இலங்கையில் நூற்பாலை தோன்றியபோதும், அது கொழும்பை அடுத்த வெள்ளவத்தையிலேயே எழுந்தது.

எனவே நாம் காணும் முடிபு இது: நெசவாளன் ஆலைநூலை வாங்கித் தன் மரபுக் கோலங்களைத் தொடர்ந்து நெய்ய இயன்றது, நூற்றவளுக்கோ அத்தகைய புகலிடம் இருக்கவில்லை. தலகுனேத் துணியின் அழகைப் போற்றும் நாம், அதன் இழையிலிருந்து மறைந்த அக்கைகளையும் வரலாற்றிற் சேர்த்தெண்ணுதல் வேண்டும்.